அதே அளவுத் திரி

படிப்பகத்துப் பலகையில் நேற்றைய செய்தியை அழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

இன்று மதியம் இலுப்பூரில் புதுக்கோட்டை பஸ் ஏறினேன். கடைசி சீட்டில் ஒருவரைக் கிடத்தியிருந்தார்கள். கிணற்றுப் பாறைக்கு வெடி வைப்பவர். திரியைக் கொளுத்திவிட்டு மேலே ஏறி வருவதற்குள் வெடித்துவிட்டதாம். தலைமாட்டில் மனைவி, கால்மாட்டில் மேஸ்திரி.

"திரி எவ்வளவு நீளம் விட்டீங்க?" என்று மேஸ்திரியிடம் கேட்டேன். கணக்கு வாத்தியார் புத்தி, போகாது.

"போன கிணத்துக்கு விட்ட அளவுதான் சார். அப்ப ஆழம் பாத்து, ஆள் ஏறி வார நேரம் பாத்து, அரை நாள் கணக்குப் போட்டேன். இங்க சட்டுன்னு வெட்டிக் குடுத்துட்டேன்."

"இந்தக் கிணறு?"

"ரெண்டு ஆள் ஆழம் கூடங்க."

ஒரே கணக்கு இரண்டாம் முறை எப்படி இவ்வளவு வேகமாக முடிகிறது என்று வியக்கிறோமே! இரண்டாம் முறை நாம் கணக்கே போடுவதில்லை. பழைய விடையை எடுத்துக் கொடுக்கிறோம். கிணறு மாறியது விடைக்குத் தெரியாது.

அன்னவாசல் வருமுன் அந்த அம்மாள் கணவரின் மூக்கருகே கையை வைத்துப் பார்த்தார். பிறகு துண்டால் அவர் முகத்தை மூடினார்.

அன்னவாசலில் கண்டக்டர் ஆட்களை எண்ணிக்கொண்டே வந்தார். "பின்னாடி அதே மூணு பேருதானே?"

"இல்லைங்க," என்றார் மேஸ்திரி. "மறுபடி எண்ணுங்க."

பலகையில் கீழே இடம் விட்டிருக்கிறேன். பழைய விடையை ஒருமுறையாவது மறுபடி போட்டுப் பார்த்தவர்கள் பெயரை எழுதுங்கள். இடம் போதாமல் போகாது.