செந்தமிழன் எழுந்திருக்காத படங்கள்

“ரஷ்யப் படம் ஓடிட்டிருக்கறப்ப நான் நடுவுல எந்திரிச்சதே இல்லீங்க. இனிமேலும் எந்திரிக்க மாட்டனுங்க. ஊடு பத்திக்கிச்சுன்னாலும் படம் முடிஞ்சுதான் தண்ணி எடுத்துக்கிட்டு வருவேன்!”

கூட்டுறவுச் சங்கச் செயலாளர் செந்தமிழன் தம் பணி நிறைவு விழாவில் மைக்கைப் பிடித்து விடுத்த பிரகடனம் இது. சங்கத்தைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் சோவியத் சினிமாவைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். பிரியாணி ஆறுகிற கவலையில் கூட்டம் பலமாகக் கைதட்டியது. அது தம் கொள்கைக்குக் கிடைத்த ஆதரவு என்றே அவர் இன்றுவரை நம்புகிறார்.

கொள்கை பிறந்த இடம் சேலம். எண்பதுகளில் அங்கே கல்லூரியில் படித்தபோது, ஒரு மன்றத்தார் ஞாயிறுதோறும் ரஷ்யப் படங்களை இலவசமாகத் திரையிட்டார்கள். அங்கே மின்விசிறி உண்டு என்று கேள்விப்பட்டுத்தான் செந்தமிழன் போனார். போர்ப் படம், சிரிப்புப் படம், விண்வெளிப் படம், பனிக்காட்டு ராஜகுமாரிப் படம் என்று எதைப் போட்டாலும் மற்றவர்கள் பாதியில் கழன்றுகொண்டார்கள். இவர் மட்டும் விளக்குப் போடும்வரை உட்கார்ந்திருந்தார். உட்கார்வது ஒரு தகுதி என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

அந்தத் தகுதியை அவர் எக்காலத்திலும் விட்டுக்கொடுத்ததில்லை. மகள் கிருத்திகாவைப் பெண் பார்க்க ஈரோட்டிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கியபோது, டிவியில் ஒரு சிப்பாய் பனியில் வழி தவறி அலைந்துகொண்டிருந்தான். “உக்காருங்க. இவன் பட்டாளத்தோட போய்ச் சேந்துறட்டும், அப்பறம் ஜாதகம் பாக்கலாமுங்க” என்றார் செந்தமிழன். சிப்பாய் போய்ச் சேர ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. இவ்வளவு நேரம் வாயைத் திறக்காத மாமனார் வேறெங்கும் கிடைக்கமாட்டார் என்று மாப்பிள்ளை வீட்டார் அன்றே சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் இந்த மாவீரருக்கும் ஒரு குறை இருந்தது. மனைவி அமுதவல்லி தம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு படத்தையாவது கடைசிவரை பார்க்கவேண்டும் என்பது அவருடைய முப்பது வருட ஆசை. அது நடக்கவே இல்லை.

பரமத்தி வேலூர்ச் சாலையில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் கோழிப் பண்ணை. பண்ணைக்கு முதலாளி, மேனேஜர், பாதி டாக்டர் எல்லாம் அமுதவல்லியே. அவர் வந்து உட்காருவார். உட்கார்ந்த உடனே செந்தமிழன் விளக்கம் கொடுக்கத் தொடங்குவார். கீழே ஓடும் ஆங்கில வரிகளைத் தமிழாக்கி, கூடவே வரலாற்றுப் பின்னணியும் சேர்ப்பார்.

“இப்ப இந்தத் தளபதி ஏன் சும்மா நிக்கறாருன்னா…”

“குளுருல நிக்கறாருங்க. இதுக்கு வெளக்கம் வேற வேணுமாக்கும்? இத்தனை பனியில எதுக்குச் சண்டை? வெயில் வந்ததுக்கு அப்பறம் வெச்சுக்கக்கூடாதா?”

அத்தோடு போர்ப் படம் முடிந்தது. விண்வெளிக் கப்பலில் இரண்டு விஞ்ஞானிகள் அரை மணி நேரம் தத்துவம் பேசியபோது, “இவிங்களுக்கு ஊட்டுல வேலையே இல்லீங்களா?” என்று எழுந்து போனார். காதல் படத்தில் நாயகி ரயிலடியில் காத்திருக்க, முட்டை வண்டி வந்துவிட்டது. அமுதவல்லி நாயகியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அது நடந்தது. டிவியில் இணையத்தைத் துழாவியபோது, ஒரு ரஷ்யப் படத்தின் முகப்பில் மார்பில் பதக்கத்தோடு ஒரு பெண் நின்றாள். போர்ப் படம் என்று நினைத்துச் செந்தமிழன் தட்டிவிட்டார். ஓடத் தொடங்கியதும்தான் இரண்டு விபரீதங்கள் தெரிந்தன. ஒன்று, கீழே ஒரு வரிகூட வரவில்லை. இரண்டு, அது கூட்டுப் பண்ணையைப் பற்றிய கறுப்பு வெள்ளைப் படம். அதிலும் கோழிப் பண்ணை. வேறு படம் மாற்றுவதும் ஒரு வகையில் எழுந்திருப்பதுதான் என்பது கொள்கையின் உட்பிரிவு. ஆகவே, ரஷ்ய மொழியில் ஓர் எழுத்தும் தெரியாத நம் நிபுணர் வாய்மூடி உட்கார்ந்திருந்தார்.

முறுக்குத் தட்டோடு வந்த அமுதவல்லி திரையைப் பார்த்து நின்றார்.

“இதென்னுங்க, இத்தனை கோழிய ஒரே கொட்டாயில அடைச்சு வெச்சிருக்காங்க? காத்து எப்படிப் போவும்?”

அமுதவல்லி உட்கார்ந்தார்.

திரையில் குளிர்காலம் வந்தது. முட்டை குறைந்தது. தொப்பி போட்ட அதிகாரி ஒருவர் மேசையைக் குத்தினார். பதக்கப் பெண் கண் கலங்கினாள்.

“அவ எதுக்கு அளுகறா?” என்று செந்தமிழன் மெல்லக் கேட்டார். முப்பது வருடத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி.

“தீவனம் சரியில்லைன்னு தொப்பிக்காரன் அவ தலையில கட்டறானுங்க. தீவனத்துல ஒண்ணுமில்ல. பகல் கொறஞ்சுபோச்சு, வெளிச்சம் பத்தல. அந்தியில ரெண்டு பல்பு எரிய உட்டாத் தானா முட்டை வைக்கும். இது கூடத் தெரியாம இவனெல்லாம் ஒரு ஆப்பீசரு!”

“மெய்யாலுமா?”

“பேசாமப் பாருங்க மாமா.”

கால் மணி நேரம் கழித்து, பதக்கப் பெண் விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள். அமுதவல்லி தொடையைத் தட்டி, “அப்பிடிப் போடு சாமி!” என்றார். தட்டில் முறுக்கு குதித்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஹாரன் அடித்தது. தீவன லாரி. யாராவது போய்க் கிடங்கைத் திறந்து, மூட்டைகளை எங்கே அடுக்குவது என்று காட்டவேண்டும். திரையில் தொப்பிக்காரர் கொட்டகைக் கதவைத் திறக்கப்போகிறார். உள்ளே முட்டை இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. அமுதவல்லி நாற்காலிக் கையைப் பிடித்து, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே பாதி எழுந்தார்.

ஆணியில் தொங்கிய கிடங்குச் சாவியைச் செந்தமிழன் எடுத்தார்.

“நீ பாரு அம்மிணி.”

அமுதவல்லி மறுபடி உட்கார்ந்தார். யார் எழுந்தது என்பதைக்கூட அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

வெளியே நல்ல வெயில். லாரியிலிருந்து எட்டிப் பார்த்த டிரைவர் தங்கமுத்து, “அக்கா இல்லீங்களா?” என்றான்.

“படம் பாத்துக்கிட்டிருக்குது” என்றார் செந்தமிழன். “மூட்டைய அக்கட்டாலப் போடு. மொதல்ல அந்த எஞ்சின நிறுத்தப்பா, உள்ள கேக்காது.”