குயிலுக்கு முன் ஒரு வாய்

ஹில்யாவுக்கு ஊர் வைத்த பெயர் ரொட்டிக்காரி. வசந்தம் எட்டிப் பார்த்துவிட்டால் போதும், வீட்டில் எல்லோர் தலையணைக்கடியிலும் உப்புத் தடவிய கறுப்பு ரொட்டி ஒரு துண்டு வைத்துவிடுவாள். கண் விழித்ததும், கால் தரையில் படுமுன் அதைத் தின்றாக வேண்டும். வருடத்தின் முதல் குயிலை வெறும் வயிற்றோடு கேட்டவனைக் குயில் ஏமாற்றிவிடும். அவனுக்கு அந்த வருடம் உருப்படாது. வோரு வட்டாரத்துக் கிராமங்களில் எல்லோரும் இதை நம்பினார்கள், சொல்லிச் சிரிக்கவும் செய்தார்கள். சிரிக்காதவள் ஹில்யா ஒருத்திதான்.

அவள் கணவன் எவால்டுக்கு இது பெரிய வேடிக்கை. "குருவிக்குப் பயந்து மாவைக் காலி பண்றா பாரு" என்பான், ரொட்டியை மென்றுகொண்டே.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கில் ரஷ்யப் படை ஊரைப் பிடிக்கத் திரும்பி வந்தபோது எவால்ட் காட்டுக்குள் போய் ஒளிந்தான். படகேறி ஸ்வீடனுக்குப் போய்விட்டான் என்று ஹில்யா ஊருக்குச் சொன்னாள். பொய் வராத வாய் அது. ஆனாலும் மூன்று வருடம் அந்த ஒரு பொய்யை முகம் மாறாமல் சொன்னது. அவன் பக்கத்துக் காட்டிலேயே இருப்பது தெரிந்தால் அவனைப் பிடிப்பார்கள், அவளையும் மகள் லெம்பியையும் சைபீரியாவுக்கு ரயிலேற்றுவார்கள்.

காட்டில் இருப்பவன்தானே குயிலை முதலில் கேட்பான்? அந்தக் கவலை அவளை அரித்தது. ஓர் இரவு முழுக்க அவனவன் தலையணைக்கடியில் கிடந்த ரொட்டிக்குத்தான் பலன் என்பது அவள் முடிவு. யார் சொல்லியும் மாற்றிக்கொள்ள மாட்டாள். அதனால் அவன் தலையணையும் படுக்கையிலேயே கிடந்தது. காலையில் அதன்கீழிருந்த துண்டை எடுத்துப்போய், வீட்டின் பின்னால், நீராவிக் குளியலுக்கென்று இருந்த சவுனாக் குடிசையின் கூரை இடுக்கில் செருகுவாள். காடு அங்கேயே தொடங்கியது. அவன் வந்து எடுத்துக்கொள்வான்.

நாற்பத்தேழில், மாடுகளை முதன்முதலாக மேய்ச்சலுக்கு விடும் நாள். அவை தாண்டிப் போனால் நோய்நொடி வராது என்று தொழுவத்து வாசலில் முட்டையை வைத்துவிட்டு ஹில்யா நிமிர்ந்தாள். ரொட்டியைச் சவுனாவுக்கு எடுத்துப் போக வேண்டியதுதான் பாக்கி. அதற்குள் வண்டி வந்து நின்றது. ஓர் அதிகாரி, இரண்டு சிப்பாய்கள், கூடவே காரெல். பக்கத்துப் பண்ணைக்காரன், ஒரு காலத்தில் எவால்டோடு சேர்ந்து ஈஸ்டர் ஊஞ்சல் கட்டியவன். இப்போது அவர்கள் கொடுத்த பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு அவர்களுக்கு மொழிபெயர்க்கிறான்.

"மாட்டை அவுத்து விடற நாள்ல இப்படி வந்து நிக்கிறியே, காரெல். உனக்கே நல்லாருக்கா?"

"நான் எங்க வர்றேன். இழுத்துட்டு வர்றாங்க" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

சிப்பாய்கள் பரணைக் குடைந்தார்கள். காரெலைப் படுக்கையைப் பார்க்கச் சொன்னார் அதிகாரி. லெம்பியின் தலையணைக்கடியில் ரொட்டித்தூள். ஹில்யாவுடையதன் அடியிலும் தூள்தான். அடுத்து எவால்டுடையதைத் தூக்கினான். முழுத்துண்டு ரொட்டி.

அதிகாரிக்கு அது வெறும் ரொட்டி. ஆனால் காரெல் இதே ரொட்டியைத் தின்று வளர்ந்தவன். வந்து தின்னப்போகிற ஆளுக்குத்தான் அதை வைப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

அதிகாரி ஏதோ கேட்டார். காரெல் ரஷ்ய மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தான். பிறகு அவளிடம் திரும்பினான்.

"வெறும் வயித்தோட வந்துட்டேன், ஹில்யா. தின்னுக்கட்டுமா?"

"தின்னு" என்றாள்.

நின்ற இடத்திலேயே முழுவதையும் மென்று விழுங்கினான்.

வண்டி கிளம்பிச் சத்தம் அடங்கியபோது காட்டுக்குள்ளிருந்து குயில் கூவியது.

"அம்மா, குயில். நாமதான் தின்னுட்டோமே" என்றாள் லெம்பி.

"ஆமா, தின்னுட்டோம்" என்றாள் ஹில்யா. வெறுங்கையோடு சவுனாப் பக்கம் பார்த்தாள்.

கோடையில் புல் அறுக்கிற சமயத்தில் எவால்டை வேறொரு பண்ணையில் சுட்டுக் கொன்றார்கள். சேதி சொல்ல வந்தவன் காரெல். அன்று கையில் பட்டை இல்லை.

"அன்னைக்கு எனக்கு வேற வழி தோணல, ஹில்யா."

"தெரியும். நீ இல்லன்னா நானும் எம் பொண்ணும் இன்னைக்கு இங்க இல்ல." பால் வாளியைக் கீழே வைத்தாள். "ஆனா நீ தின்னது அவன் ரொட்டி."

கைப்பட்டைக்காக ஊர் காரெலைக் கடைசிவரை வெறுத்தது. ஹில்யா அதை எப்போதோ மன்னித்துவிட்டாள். ரொட்டியைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. அது நியாயமில்லை என்று அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன செய்ய? இருவரும் கிழடாகும்வரை அடுத்தடுத்த வீட்டில்தான் இருந்தார்கள். வசந்தத்தில் காலையில் வேலியோரம் அவனைக் கண்டால் ஒன்றே ஒன்று கேட்பாள்.

"தின்னுட்டியா, காரெல்?"