பருத்திப்பால் தூக்குவாளி

பருத்திப்பால் கொதிக்கும்போது முதலில் எழுவது பருத்திக்கொட்டையின் பச்சை வாடை. அது அடங்கி, கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் ஒன்றாக மணக்கத் தொடங்கினால், அம்மா அடுப்படியில் நிற்கிறாள் என்று திருநகரில் எங்கள் தெருவுக்கே தெரிந்துவிடும். இன்று மதுரையில் எந்தத் தள்ளுவண்டியிலிருந்து அந்த மணம் வந்தாலும் நான் சாலையின் மறுபக்கத்துக்குப் போய்விடுகிறேன். ஏன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு 'திருவிருந்து'. அப்பமும் திராட்சை ரசமும் வாங்க வரிசை வரிசையாக எழுந்துபோய்ப் பீடத்தருகே முழங்காலிடுவார்கள். யார்மீதாவது மனத்தாங்கல் இருந்தால் முதலில் அவரோடு ஒப்புரவாக வேண்டும், அதுவரை பீடத்துக்குப் போகக்கூடாது என்பது போதனை. எல்லோரும் அதைக் கேட்பார்கள், எல்லோரும் எழுந்தும் போவார்கள். அம்மா மட்டும் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். எனக்குப் பத்து வயதானபோது எழுவதை நிறுத்தினாள். பெஞ்சு முழுதும் காலியாகி அவள் மட்டும் தனியே உட்கார்ந்திருப்பாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் கேட்டால் மறைக்கவும் மாட்டாள். "உள்ள ஒரு கசப்பு கெடக்குக்கா. அத வச்சுக்கிட்டு எப்படிக் கைய நீட்ட?" என்பாள்.

அந்தக் கசப்பு அவளுடைய தங்கை, என் சித்தி மேல். அம்மாச்சி இறந்தபோது நாங்கள் வெளியூர் போயிருந்தோம். வெயில் காலம், தாங்காது என்று சொல்லி, அம்மா பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் சித்தி பெட்டியை மூடச் சொல்லிவிட்டாள். பெற்றவளின் முகத்தைப் பார்க்க முடியாமல், ஆணியடித்த பலகையைத் தடவிக்கொண்டே அம்மா நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதன்பிறகு, நான்கு தெரு தள்ளியிருந்த சித்தி வீட்டார் காலை ஆறு மணி ஆராதனைக்கு மாறிக்கொண்டார்கள். நாங்கள் எட்டரை மணிக்கே போனோம்.

ஒரு வருடம் கழித்து, திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை, அம்மா பருத்திப்பால் காய்ச்சினாள். சித்திக்கு அது உயிர். தூக்குவாளியில் ஊற்றி என் கையில் கொடுத்தாள். "சித்திகிட்ட குடு பாப்பா. நாளைக்கு ஆறு மணிக் கோயிலுக்கு அம்மாவும் வருது, சேந்து பீடத்துக்குப் போவோம்னுச்சுன்னு சொல்லு."

சித்தி வீட்டுக் கேட்டுக்குள்ளே அவள் மகள் ஜாய்ஸ் தரையில் கட்டம் கீறிப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். என் வயதுக்காரி, முந்தின வாரம் ஞாயிறு பள்ளியில் நான் மனப்பாட வசனத்தைச் சொல்லத் திக்கியபோது வகுப்பே கேட்கச் சிரித்தவள். தூக்குவாளியோடு அவள் முன்னால் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். புங்க மரத்தடியில் சற்று நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து, "சித்தி வேணாம்னுட்டாங்கம்மா" என்றேன்.

அம்மா தூக்குவாளியை வாங்கி ஒரு கணம் கையிலேயே வைத்திருந்தாள். பிறகு முழுவதையும் பாத்திரம் கழுவும் அங்கணத்தில் கொட்டி, வாளியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

பதினைந்து வயதில், திருவிருந்து வாங்கும் உரிமை தரும் 'திடப்படுத்தல்' பெற்று நான் பீடத்துக்குப் போகத் தொடங்கினேன். பொய் சொன்ன நான் வெள்ளைச் சேலையில் போய்க் கையை நீட்டினேன். உண்மையைச் சொன்ன அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "போயிட்டு வா பாப்பா" என்று காலை ஒதுக்கி எனக்கு வழிவிடுவாள். இந்த மாதம் சொல்லிவிடலாம், அடுத்த மாதம் சொல்லிவிடலாம் என்று இருந்துவிட்டேன். எனக்குக் கல்யாணமும் ஆகி, பிள்ளையும் பிறந்தது.

சித்தி திடீரென்று இறந்த அன்று நாங்கள் கோவையில் ஒரு கல்யாணத்தில் இருந்தோம். வந்து சேரும்போது சாயங்காலமாகிவிட்டது. ஆயர் காத்திருந்தார்; பெட்டி திறந்தே இருந்தது. "பெரியம்மா வந்து பாக்காம மூடக்கூடாதுன்னு அம்மா எப்பவோ சொல்லிவச்சிருந்துச்சு" என்றாள் ஜாய்ஸ்.

அம்மா சித்தியின் நெற்றியில் கைவைத்தாள். "அன்னைக்கு நான் குடுத்துவிட்ட பருத்திப்பால வாங்கியிருந்தா இம்புட்டு வருசம் போயிருக்காதேடி" என்று அழுதாள்.

ஜாய்ஸ் நிமிர்ந்தாள். "என்ன பருத்திப்பால் பெரியம்மா? அக்கா யாரையாச்சும் அனுப்புமான்னு அம்மா ஒவ்வொரு கிறிஸ்மசுக்கும் வாசக் கேட்டையே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒன்றுமில்லை என்று ஜாய்ஸிடம் சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்தும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அடுத்த முதல் ஞாயிறு, இருபது வருடத்துக்குப் பிறகு, அம்மா பெஞ்சிலிருந்து எழுந்தாள். தாண்டிப் போகும்போது என் தலையில் கைவைத்துவிட்டுப் போனாள். மன்னித்துவிட்டாள் என்று புரிந்தது. அன்று என்னால் எழ முடியவில்லை. அவளிடம் மன்னிப்பென்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எழுந்திருப்பேன். கேட்க எட்டு வருடம் இருந்தது, கேட்கவில்லை. அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது.

ஆறு மணி ஆராதனை நின்றுபோனது. பெஞ்சுகளை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறார்கள். சித்தி வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடி எழுந்துவிட்டது. கேட்டும் இல்லை, புங்க மரமும் இல்லை. சென்ற திருவிருந்து ஞாயிறன்று, புதிதாகத் திடப்படுத்தல் பெற்ற என் மகள் எழுந்து நின்று, "நீ ஏம்மா வரவே மாட்டேங்குற?" என்று கேட்டாள். காலை ஒதுக்கி வழிவிட்டு, "முட்டி வலிக்குது பாப்பா, நீ போயிட்டு வா" என்றேன்.

அம்மா இருபது வருடம் இப்படி உட்கார்ந்திருந்தாள். ஒருநாளும் அவள் கால் வலி என்று சொன்னதில்லை.