திருத்தணியில் பாதித் தலையோடு ஒரு பொருளாதாரப் பேச்சு

உலகப் போர் முடிந்த மறு ஆண்டு ஆடிக் கிருத்திகையன்று திருத்தணிக்குப் போனேன். எனக்கு வேலை கிடைக்க வேண்டி அம்மா நேர்ந்துகொண்ட மொட்டை பாக்கியிருந்தது. அதே நாள் பத்து மணிக்கு அவ்வூர்ப் பள்ளி ஒன்றின் கமிட்டி முன் பேசிக் காட்டவும் வேண்டும். பேச்சு பிடித்தால் வாத்தியார் வேலை.

சென்னையில் முதல் ரயிலைப் பிடித்து, அரக்கோணத்தில் வண்டி மாறினால் எட்டு மைல். ஏழு மணிக்கு இறங்கினேன். குளக்கரைக்கு ஜட்கா வண்டி நாலணா. கூட்டத்தைக் காட்டி ஆறணா கேட்பார்கள், மசியாதீர்கள்.

கரையில் ஒரு நாவிதர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் தெளித்து, நெற்றியிலிருந்து உச்சிவரை ஒரு கோடு மழித்தார். "குந்திகினு இருங்க சாமி, தோ வந்துட்டேன்" என்று அடுத்த தலைக்குப் போய்விட்டார். இப்படிக் கோடு போட்ட தலைகள் பதினைந்துக்குக் குறையாது. அவ்வப்போது வந்து இன்னும் கொஞ்சம் மழித்துவிட்டு நகர்ந்தார். பொறுக்காமல் பக்கத்து நாவிதரிடம் போனேன்.

"அது அவரு கோடு போட்ட தலைங்க. நான் தொட்டா நாளைக்கு இந்தக் கரையில குந்த முடியாது" என்று கையை விரித்தார்.

ஒன்பதே முக்காலுக்குத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு ஓடினேன்.

சந்தையைப் பற்றி எழுதிய ஸ்காட்லாந்துச் சிந்தனையாளர் ஒருவரைப் பற்றிப் பேசினேன். கல்யாணம் செய்துகொள்ளாமல் தாயோடு வாழ்ந்த மறதிக்காரர். சரக்கு பிடிக்காவிட்டால் வாங்குபவன் அடுத்த கடைக்குப் போய்விடுவான், அந்தப் பயமே விற்பவனை ஒழுங்காக வைத்திருக்கும் என்பது அவர் கட்சி. நன்றாகவே பேசினேன்.

"தலையில இன்னாங்க கட்டு?" என்றார் கமிட்டித் தலைவர். ஏகப்பட்ட நிலமுள்ளவர்.

அவிழ்த்துக் காட்டி நடந்ததைச் சொன்னேன். அறையே சிரித்தது.

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க வழக்கமும் அதாங்க. ஒருத்தர் நெலத்துல வேல செய்யற ஆள இன்னொருத்தர் கூப்ட மாட்டோம். கூலி பத்தலன்னு அவன் எங்க போவான்?"

நானும் சிரித்திருந்தால் வேலை என் பையில். வாய் சும்மா இருக்கவில்லை. "அந்த நாவிதரு வருஷத்துல ஒரு நாள் வயித்துக்காகச் செய்யறாருங்க. நீங்க எதுக்காகச் செய்யறீங்க?"

கடிதம் போடுகிறோம் என்றார்கள்.

குளக்கரைக்குத் திரும்பியதும் நாவிதர், "எங்க சாமி போயிட்டீங்க? தேடிகினு இருந்தேன்" என்று ஐந்தே நிமிஷத்தில் முடித்துவிட்டார்.

கிருத்திகைக்குப் போகிறவர்கள், வேறு ஜோலி இருந்தால் அதை முடித்துக்கொண்டு தலையைக் கொடுங்கள். சாயங்கால வண்டியில் உட்கார இடம் கிடைக்காது.

முடி சீவும் அளவுக்கு வளர்ந்துவிட்டது, கடிதம் வரவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் கேட்டதற்கு வருந்தவில்லை. பிடிக்காவிட்டால் அடுத்தவரிடம் போகலாமே என்று இப்போது யார் சொன்னாலும், போக விடுகிறார்களா என்றுதான் முதலில் கேட்கிறேன்.