கூடாரம் பறந்த கலியாணம்

என்ரை மகள் ஒரு டெனிஷ் பெடியனைக் கட்டப்போறன் எண்டு வந்து நிண்டபோது, "தம்பி என்ன செய்யிறார்?" எண்டு கேட்டன். பள்ளிக்கூடத்திலை புவியியல் படிப்பிக்கிறாராம். நல்லது. மிச்ச நேரத்திலை சுழல்காற்றுச் சேர்க்கிறாராம்.

"எதைச் சேர்க்கிறாராம்?"

பழைய பேப்பர் வெட்டுகள். எந்த ஊரிலை எப்ப சுழல்காற்று அடிச்சது, எந்தக் கூரை போனது எண்டு கட்டுக்கட்டாய் வச்சிருக்கிறார். முதல்முதல் எங்கடை வீட்டை சாப்பிட வந்த அண்டு, தோசையைப் பிய்ச்சுக்கொண்டு, அமெரிக்காவிலை ஒரே நாளிலை ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டாய் இறங்கின கதை, பங்களாதேசிலை ஊர் ஊராய் வழிச்சுத் துடைச்ச கதை, இஞ்சை டென்மார்க்கிலை ஹோல்ஸ்டெப்ரோவிலை அறுபதுகளிலை வீடுகளை உடைச்ச கதை எல்லாம் சொன்னார். என்ரை மனிசன் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். எனக்கு விசர்தான் வந்தது. கலியாணம் பேச வந்த இடத்திலை கதைக்கிற கதையே இது!

ஆனால் பெடியன் தங்கமானவர். நான் போட்ட நிபந்தனை எல்லாத்துக்கும் தலையாட்டினார். முக்கிய நிபந்தனை நேரம். சாத்திரியார் பகல் பன்னிரண்டு இருவதுக்குள்ளை தாலி ஏறவேணும் எண்டு எழுதித் தந்தவர். அதைத் தவறவிட்டால் நான் உயிரோடை இருக்கமாட்டன் எண்டு வீட்டிலை எல்லாருக்கும் சொல்லி வச்சிட்டன்.

கிரின்ஸ்டெட்டிலை ஒரு விளையாட்டு மண்டபம் எடுத்தம். உள்ளுக்கை ஓமம் வளர்க்க விடமாட்டம் எண்டிட்டினம். அதாலை பின்பக்கப் புல்வெளியிலை பெரிய கூடாரம் போட்டு, கோல்டிங்கிலையிருந்து மணவறையைக் கொண்டுவந்து நிப்பாட்டினம். ரெண்டு பக்கமும் வெள்ளை நுரைப்பலகையிலை வெட்டின ரெஜிபோம் யானை. இருநூறு சனம். என்ரை பிள்ளை கூறைச்சேலை உடுத்திக்கொண்டு வந்து இருக்க, எனக்கு நெஞ்சு நிறைஞ்சு போச்சு.

ஐயர் தேங்காய்க்கு மேலை தாலியை வச்சு, தட்டை ஆசீர்வாதத்துக்கு அனுப்பினார். ஒவ்வொருத்தராய்த் தொட்டுக் கும்பிட்டு, "தொட்டுக் கும்பிடுங்கோ" எண்டு பக்கத்து ஆளிட்டைக் குடுத்துக்கொண்டு போச்சினம். மணி பன்னிரண்டு. நான் கணக்காய்ப் போகுது எண்டு சந்தோசப்பட்டன்.

அப்பதான் மாப்பிள்ளை மணவறையிலை எழும்பி நிண்டார். கூடாரத்தின்ரை திறந்த பக்கத்தாலை வானத்தைப் பாக்கிறார். கறுத்த முகிலுக்குக் கீழை தும்பிக்கை மாதிரி ஒண்டு தொங்குது.

"தம்பி, இருங்கோ! தாலி கட்டாமல் எழும்பக்கூடாது!" எண்டு கத்தினன்.

அண்டைக்குத்தான் அவர் எனக்கு முதல்தரம் தலையாட்டேல்லை. "மாமி, எல்லாரும் உள்ளை! இப்பவே!" எண்டு டெனிஷிலை போட்ட சத்தத்துக்கு இருநூறு சனமும் கொட்டத் தொடங்கின மழையிலை சேலையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு ஓடிச்சுது. மண்டபத்துக்குள்ளையும் விடேல்லை. யன்னல் இல்லாத உடுப்பு மாத்திற அறையளுக்குள்ளை எங்களை அடைச்சுப்போட்டார். அறை வாசலிலை நிண்டு, நடைபாதைக் கடைசியிலை இருந்த கண்ணாடிக் கதவாலை நான் எட்டிப் பாத்தன். கூடாரம் ஒரு சத்தத்தோடை கிளம்பிச்சுது. பின்னாலை யானை ரெண்டும் காற்பந்துத் திடலுக்கு மேலாலை பறக்குது. பயத்துக்கை எனக்குச் சிரிப்பு வந்திட்டுது.

ரெண்டு நிமிசம்தான். ஒருதருக்கும் ஒரு கீறல் இல்லை. "அட கடவுளே, உம்முடைய பேப்பர் வெட்டுகளுக்குக் கோடி புண்ணியம்!" எண்டு மாப்பிள்ளையைக் கட்டிப் பிடிச்சன். பிறகு மணிக்கூட்டைப் பாத்தன். பன்னிரண்டு பத்து.

"ஐயா, இஞ்சையே கட்டுவம். கெதியாய்!"

டெனிஷ்காரர் சமைக்கிற குசினியிலை மெழுகுதிரி இல்லாமல் போகுமே? ஓமத்துக்குப் பதிலாய் ரெண்டைக் கொளுத்தினம். பொம்பிளையையும் மாப்பிள்ளையையும் அங்கை கிடந்த நீட்டு மர வாங்கிலை இருத்தினம். ஐயர் கையை நீட்டினார். "தாலி?"

தாலி எங்கை? தட்டு ஆரிட்டை இருந்தது? ஒருதருக்கும் தெரியேல்லை. நான் அழத் தொடங்கிட்டன். புல்வெளியிலை கூடாரமே இல்லை, தாலி எங்கை கிடக்கப்போகுது! மகளின்ரை முகம் வெளுத்துப்போச்சு. பன்னிரண்டு இருவது எனக்கு முன்னாலை நடந்து போச்சுது.

அப்ப பக்கத்து அறைக்குள்ளையிருந்து ஒரு குரல். தடக்கித் தடக்கி, "தொட்டுக் கும்பிடுங்கோ... தொட்டுக் கும்பிடுங்கோ."

மாப்பிள்ளையின்ரை தாய். கதைக்கத் தெரியாத மனிசி எண்டு நான் நினைச்சிருந்தவ. சேலைக்கு மேலை மழைக்கோட்டு, தலை முழுக்க ஈரம். தட்டை நெஞ்சோடை அணைச்சு வச்சிருக்கிறா. தேங்காய் கூடச் சரிஞ்சு விழேல்லை. ஓடேக்கை தட்டு அவவின்ரை கையிலை இருந்திருக்கு. எல்லாரும் தொடாட்டில் தன்ரை மகனுக்குக் கலியாணம் இல்லை எண்டு நினைச்சு, மற்ற அறையிலை நிண்ட சனத்துக்கெல்லாம் வரிசையாய் நீட்டிக்கொண்டு வாறா.

ஐயர் பறிக்கப் போனார். "ஐயா, விடுங்கோ. அவ சுத்தி முடிக்கட்டும்" எண்டன். நான்தான் சொன்னனான், இண்டைக்கும் என்னாலை நம்பேலாது.

மண்டபத்தைக் கூட்டித் துடைக்கிற ஆளும் தொட்டார். பெடியள் கெட்டிமேளத்துக்கு இரும்பு அலுமாரியளிலை தட்ட ஆயத்தமாய் நிண்டாங்கள். கடைசியாய் எனக்கு முன்னாலை வந்து நிண்டா. ஓடித் திரிஞ்ச அவதியிலை பெத்த தாய் நான் இன்னும் தொடேல்லை எண்டதை அவதான் கவனிச்சிருக்கிறா.

தாலியைத் தொடமுன்னம் நான் தட்டைப் பிடிச்சிருந்த அவவின்ரை கையைத் தொட்டுக் கண்ணிலை ஒத்தினன்.