குணமாகி வீடு சென்றவர்கள்

அன்னபாக்கியம் அக்கா இறந்த செய்தி எனக்குப் பூக்கடையிலிருந்துதான் வந்தது. அவரைத் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் மகனைத் தூக்கிக்கொண்டு திருச்சுழி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். மூன்று நாளாக அவனுக்கு இருமல். அவன் முதுகில் காதை வைத்து மூச்சைக் கேட்பதும், யாராவது பார்க்கிறார்களா என்று நிமிர்வதுமாக இருந்தேன். எஸ்.டி.டி. பூத்துக்குப் பக்கத்தில் மாலை கட்டும் காதர் பாய் என்னைப் பார்த்ததும் கையிலிருந்த நாரைக் கீழே வைத்தார்.

“பாலவனத்தத்துக்கு மாலை போயிருக்குத்தா.”

“யாருக்கு பாய்?”

“தெனமும் வந்து கேப்பாகளே, அவுகளுக்குத்தான்.”

திருச்சுழி பஸ்ஸை விட்டுவிட்டு, அக்காவின் ஊர் வழியாகப் போகும் விருதுநகர் பஸ்ஸில் ஏறினேன்.

அது நடந்து நாற்பது நாள் ஆகிறது. இடையில் அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப்போவதில்லை, தெரிந்தவர்களுக்குத் தெரியும். அங்கே இருபது வருஷம் நோயாளிகள் பதிவேடு எழுதியவர் அக்கா. என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பிள்ளை அழுகிறான் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவன் அழவில்லை. அன்று பேசாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அந்தக் கூட்டத்தில் மேலிடத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி பேசினார். “காய்ச்சல் வந்த அந்த வருஷம் சுத்துப்பட்டு ஊரெல்லாம் பயந்து கெடந்துச்சு. ஆனா நம்ம பதிவேட்டை எடுத்துப் பாருங்க, சாவை விரல் விட்டு எண்ணிரலாம். அந்தப் பதிவேட்டை எழுதுன கை அன்னபாக்கியம் அம்மாவோட கை” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். இரங்கல் கூட்டத்தில் கைதட்டி நான் பார்த்தது அன்றுதான். அந்தப் பதிவேடு பொய் என்று சொன்னதற்காகத்தான் அக்காவின் நாற்காலியைப் பிடுங்கினார்கள். பிடுங்கியவரும் கைதட்டியவர்களில் இருந்தார். அவருடைய சத்தம்தான் பெரிதாகக் கேட்டது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அடைமழை விட்ட கையோடு வந்த காய்ச்சல் அது. டாக்டர்கள் இன்ஃப்ளூயன்சா என்றார்கள். ஒருவர் இருமினால் அந்த வாரத்துக்குள் வீடே படுத்தது. பெரியவர்கள் பலர் எழுந்துவிட்டார்கள். கைப்பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும்தான் சளி நெஞ்சுக்கு இறங்கியது. என் மூத்தவள் பூங்கொடிக்கு அப்போது பதினோரு மாதம். நான்காம் நாள் அவளை அந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெளியூரில் உயிர் போனால் உடலை ஊருக்குள் விடமாட்டார்கள். வீட்டு வாசலில் இறக்காமல் எல்லையோடு சுற்றிக்கொண்டு சுடுகாட்டுக்குப் போக வேண்டும். அதனால், இனி தேறாது என்று தோன்றிவிட்டால் மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குத் தூக்கி வந்துவிடுவார்கள். “உசுரோட கொண்டு போயிருவோம். எம் பேத்திய எல்லையில போட்டுக் கும்பிட என்னால ஏலாது” என்று என் அத்தை, அதாவது மாமியார், வார்டு வராந்தாவில் உட்கார்ந்து அழுதார். அழைத்துப்போக ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். தாளை எடுத்துக் கொடுத்தவர் அக்கா. கொடுத்துவிட்டு, பேனாவை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார்.

“இன்னும் ஒரு நாளு இருத்தா. டாக்டரு கைய விரிக்கலையே. நீங்களாத்தான் முடிவு பண்றீக.”

நான் தாவரவியலில் பட்டம் வாங்கியவள். அந்தத் தாளில் இருந்த ஒவ்வொரு வரியையும் வாசித்துப் புரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில் எங்கள் வீட்டில், என் மடியில், பூங்கொடி போய்விட்டாள். வழக்கப்படி எல்லாம் ஒழுங்காக நடந்தது.

பதினாறு முடிந்த பிறகு ஒரு மத்தியானம், குடையும் நீள நோட்டுமாக அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அத்தைக்கு வந்ததே கோபம்.

“பிள்ளையப் பறிகொடுத்த வீட்டுல என்னத்தைக் கணக்கெடுக்க வந்தீக? போன உசுர நோட்டுல எழுதித் திருப்பிக் குடுக்கப் போறீகளா?”

அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார்: “ஒங்க பேத்தி குணமாகி வீட்டுக்குப் போயிருச்சின்னு எங்க ரிஜிஸ்தர்ல இருக்கு தாயி. முத்திரைய எங்கையாலதான் குத்துனேன். பிள்ள போனதைத் தெரிஞ்சிக்கிட்டுச் சோறு எறங்கல.”

பூங்கொடி போன நாளையும் நேரத்தையும் அத்தை சொன்னார். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

அந்தப் பதிவேட்டில் கடைசிக் கட்டத்துக்கு இரண்டே ரப்பர் முத்திரைகள் இருந்தன. ஒன்று ‘இறந்தார்’. மற்றது ‘குணமாகி வீடு சென்றார்’. வார்டில் உயிர் போனால் முதல் முத்திரை. தோளில் சாய்த்தும் கட்டிலோடு தூக்கியும் வேனில் படுக்கவைத்தும் கொண்டுபோன அத்தனை பேருக்கும் இரண்டாவது. மூச்சு இருந்ததால் அவர்கள் எல்லோரும் குணமானவர்கள். மாதக் கடைசியில் அந்த எண்ணிக்கைதான் மேலே போனது. சாவு இல்லாத ஊர்களுக்குக் காய்ச்சல் முகாம் எதற்கு, கூடுதல் மருந்து எதற்கு, ஆக்சிஜன் சிலிண்டர் எதற்கு? திருச்சுழிப் பக்கம் ஒரு ஜீப்கூட வரவில்லை.

வீட்டில் நடந்த சாவுகளை அக்கா எப்படிக் கண்டுபிடித்தார் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். காதர் பாயிடம் கேட்டுத்தான். இந்தச் சுற்றுப்பட்டில் எந்த ஊரில் கேதம் என்றாலும் டவுனில் மாலை வாங்கி பஸ்ஸில் ஏறுவார்கள். காலையில் பாலவனத்தத்திலிருந்து வந்து இறங்கியதும் அக்கா நேரே பூக்கடைக்குப் போவார். எந்த ஊருக்கு மாலை போனது, என்ன வயது என்று கேட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து ‘குணமாகி’ப் போனவர்களின் ஊரோடு ஒத்துப்பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் முடிந்ததும் பஸ் ஏறி அந்த வீடுகளுக்கே போய்விடுவார். எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னபோது பாய் இரண்டு கையையும் கொஞ்சமாக விரித்துக் காட்டி, “இத்தனூண்டு மாலையாக் கட்டச் சொன்னாகக்கா” என்றாராம். என் மகள் அப்படித்தான் அக்காவுக்குக் கிடைத்தாள்.

இந்த முறையில் தப்பும் நடந்தது. ஒருமுறை பெரிய ரோஜா மாலை போன ஊருக்கு உச்சிவெயிலில் நடந்துபோய்ச் சேர்ந்தால், மாலைக்கு உரியவர் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பந்தலில் உட்கார்ந்திருந்தார். கூட்டுறவுச் சங்கத் தேர்தலில் ஜெயித்த கொண்டாட்டம். அக்காவின் நோட்டைப் பார்த்துவிட்டு, லோனு விஷயமாக வந்தவர் என்று நினைத்து இலை போட்டு உட்காரவைத்தார்களாம். மறுநாள் பாயிடம் சண்டைக்குப் போனார்.

“உசுரோட இருக்குறவனுக்கெல்லாம் எதுக்குய்யா இம்மாம் பெரிய மாலை கட்டுறீரு?”

“நீங்க ஒரு நாளாச்சும் மாலை வாங்கியிருக்கீகளா? கேக்க மட்டும் வாறீக.”

“எனக்கு ஒண்ணு மிச்சம் வைங்க பாய். அன்னைக்கி வாங்கிக்கிறேன்.”

சொல்லிவிட்டு அக்கா சிரித்த சிரிப்பை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். மகள் போன பிறகு நானும் சிரித்தது அன்றுதான் முதல்தடவை.

நோட்டில் பக்கங்கள் நிரம்பியதும் அதைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி அதிகாரியின் அறைக்குப் போனார். கூட்டத்தில் சத்தமாகக் கைதட்டியவர் இவர்தான். “ஆஸ்பத்திரியில சாகாதவங்க எங்க சாவு இல்லம்மா” என்றார் அவர். “வாசலைத் தாண்டிட்டா நம்ம நோயாளி இல்லையா சார்? படிக்கட்டுல எறங்கும்போதே குணமாயிருமா?” என்று அக்கா கேட்டிருக்கிறார். பேச்சு முற்றியது. பூக்கடைப் பேச்சை வைத்துப் பதிவேட்டைத் திருத்த முடியாது, பெற்றவர்களில் ஒருத்தராவது நேரில் வந்து எழுதிக் கொடுத்தால் மேலே அனுப்புகிறேன் என்று அதிகாரி முடித்துவிட்டார்.

அக்கா என்னிடம்தான் வந்தார். கோர்வையாக எழுதத் தெரிந்தவள், ஆங்கிலத்தில் கேட்டாலும் பதில் சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான் என்றார். நான் அப்போது மூன்று மாதம். ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டாலே வயிற்றைப் பிடித்துக்கொள்வேன். இவனையும் அங்கேதானே பெற வேண்டும், பகைத்துக்கொண்டால் யார் பார்ப்பார்கள் என்று பயந்தேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எழுதிக் கொடுத்தால், கையெழுத்துப் போட்டுப் பிள்ளையைத் தூக்கிப்போனவள் நான்தான் என்பதையும் அதில் எழுத வேண்டியிருக்கும்.

“எனக்கு ஏலாதுக்கா.”

“சரித்தா. வயித்துல உள்ளதைப் பாரு. நான் வாரேன்.”

ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. ‘இன்னும் ஒரு நாளு இருன்னு அன்னைக்கே சொன்னேனே’ என்றுகூட அவர் கடைசிவரை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். அந்த மாதமே அவரை மருந்து குடோனுக்கு மாற்றினார்கள். ஜன்னல் இல்லாத அறை. அட்டைப் பெட்டிகளை எண்ணும் வேலை. அங்கிருந்தும் காலையில் பூக்கடைக்குப் போவதை அவர் விடவில்லை. அவருக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காதவர்களில் முதல் ஆள் நான். கூட்டத்தில் மாலை போட்டு, படத்துக்கு முன்னால் கண்ணைத் துடைத்த உங்களில் பலர் எனக்கு அடுத்து வரிசையில் நிற்கிறீர்கள்.

பாலவனத்தம் போன அன்று அவருடைய தம்பிதான் விவரம் சொன்னார். மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்திருக்கிறார். நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. பத்தாம் நாள் வேன் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

“டாக்டர் போகச் சொன்னாரா?” என்று கேட்டேன்.

“இல்லத்தா. நாங்களாத்தான். வெளிய உசுரு போயிட்டா...” என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மேசையில் ஆஸ்பத்திரி கொடுத்த தாள் கிடந்தது. ‘உடல்நிலை சீராகி வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.’ வாசலில் காதர் பாய் அனுப்பிய மாலை. அக்கா மிச்சம் வைக்கச் சொன்னது. தம்பி உள்ளே போய் அந்த நீள நோட்டை எடுத்து வந்தார். “இதை ஒங்ககிட்டத்தான் குடுக்கணும்னு சொல்லியிருந்தாக” என்றார்.

என்னிடம் இருப்பது அந்த நோட்டு மட்டும்தான். பெயர், ஊர், ஆஸ்பத்திரியை விட்ட நாள், இறந்த நாள், சொன்னவர் என்று ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டங்கள். பூங்கொடியின் வரியில் மட்டும் பென்சிலால் ஒரு கட்டம் கூடுதலாக இருந்தது. மேலே சின்னதாக, ‘பெற்றவள் கையெழுத்து’. நான்கு வருஷமாகக் காலியாக விட்டுவைத்திருக்கிறார். நேற்று அதில் கையெழுத்துப் போட்டேன். இந்த வாரமே நோட்டோடு அந்த அதிகாரியின் அறைக்குப் போகிறேன். மகனுக்கு இருமல் விட்டுவிட்டது. அவனையும் கூட்டிக்கொண்டுதான் போவேன்.

கடைசி வரிக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

அன்னபாக்கியம். பாலவனத்தம். மதுரை ஆஸ்பத்திரியை விட்டது திங்கள் மத்தியானம். இறந்தது செவ்வாய் காலை. குணமாகவில்லை. சொன்னவர்: பூக்கடை காதர் பாய்.