பாதி அறுத்த கிளை

ஜெயப்பிரகாஷுக்கு மரந்தான் சோறு போட்டுது. இருபத்திரண்டு வருஷமா கிளை கழிக்கிற ஆளு. அமிர்தி பக்கம் ஒரு புளியமரத்துலேர்ந்து விழுந்து இடது மணிக்கட்டு கோணிப்போனதுதான் மிச்சம். ஆனா பாதி அறுத்த கிளையை அப்படியே விட்டுட்டு அவன் ஒருநாளும் கீழே இறங்கினதில்லை.

மாசி மாசம். இலையெல்லாம் கொட்டி நின்ன வேப்பமரம். சத்துவாச்சாரியில தன் வீட்டு வாசல்மேல சாய்ஞ்ச பெரிய கிளையை எடுக்கணும்னு சீனிவாசன்தான் அவனைக் கூப்பிட்டார். கிளையில கயிறு கட்டி, மேல் கவட்டையில போட்டு, மறுமுனையை அடிமரத்துல இறுக்கிட்டு ரம்பத்தை வெச்சான். பாதி அறுத்ததுமே வெட்டுவாயிலேர்ந்து வெள்ளையா நுரைச்சிக்கினு வடிஞ்சுது.

"ஐயோ, பாலு!"ன்னு கீழே யாரோ கத்தினாங்க. அவ்ளோதான். ரெண்டே நிமிஷத்துல தெருவே கூடிப்போச்சு. மஞ்சள், குங்குமம், சொம்பு, டம்ளர், செல்போன்.

"எறங்குடா! ஆத்தா மேலயா ரம்பம் வெக்கிற?"

"இது மரத்துத் தண்ணி சார். இலை கொட்டுற மாசத்துல வெட்டுனா சில மரம் இப்படித்தான் ஊத்தும், ரெண்டு நாள்ல நின்னுடும். கிளை பாதில நிக்குது சார். அஞ்சு நிமிஷம் குடுங்க, எறக்கிட்றேன்."

யாரு கேக்குறா! கல்லு பறந்து வந்து தோள்ல பட்டுது. இறங்கினான். வெட்டச் சொன்ன அந்த சீனிவாசனே முதல் ஆளா அறைஞ்சார். மனுஷனா அவரு!

"பரிகாரம் பண்ணணும். பொண்டாட்டிய வரச் சொல்லு. ஈரப்புடவையோட மூணு சுத்து சுத்தி மன்னிப்பு கேக்கட்டும்."

ஷூ கம்பெனியில போட்டது போட்டபடி விட்டுட்டு ஹேமலதா ஓடி வந்தாள். இன்னா ஏதுன்னு கேக்கக்கூட விடலை, தலையில ரெண்டு குடம் ஊத்திட்டாங்க. ஜெயப்பிரகாஷ் கையை ரெண்டு பேர் பின்னால முறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க.

"அவளை அங்க விடாதீங்க! என்னை வேணா சுத்த வைங்க!" தொண்டை கிழியக் கத்தினான்.

அப்பதான் அந்தக் கயிறு சீனிவாசன் கண்ணுல பட்டுது. "ஆத்தாவைக் கட்டிப் போட்டிருக்கான் பாருங்க, பாவி!"

"சார், அதுல கை வெக்காதீங்க! அதான் கிளையத் தாங்குது!"

முடிச்சை அவிழ்த்துட்டார்.

ஹேமலதா ரெண்டாம் சுத்துல இருந்தாள். கிளை மடேர்னு முறிஞ்சு அவ முதுகுமேல விழுந்துது.

கூட்டம் பத்தடி தள்ளி ஓடி நின்னுது. "பாத்தீங்களா, ஆத்தா பலி எடுத்துட்டா"ன்னு ஒருத்தி கன்னத்துல போட்டுக்கிட்டாள். அடப் பாவிங்களா! ஜெயப்பிரகாஷ் திமிறிக்கினு ஓடித் தூக்கிப் பார்த்தான். கிளை அசையலை. அடியில ஹேமலதாவோட விரல் மட்டும் மண்ணைப் பறிச்சிக்கினு இருந்துச்சு.

"யாராச்சும் ஒரு கை குடுங்கய்யா!"

சீனிவாசன் ரம்பத்தைக் காலால அவன் பக்கம் தள்ளினார்.

"நீயே அறுத்து எடு. ஆத்தா மேல நாங்க கை வெக்க மாட்டோம்."

அவ விரல் அசைஞ்சிக்கினு இருந்த வரைக்கும் அறுத்தான். அது நின்ன அப்புறமும் அறுத்தான்.